முதலில் கிணறு, பிறகுதான் மற்றதெல்லாம்

மும்பையை விட்டுக் கடையத்துக்கே வந்துவிடுவது என்று முடிவானதும், தாராவியில் எங்கள் சந்தில் எல்லாரும் கேட்டது பிள்ளைகள் படிப்பைப் பற்றி. தண்ணீரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்கப் போய் நூறு வருஷத்துக்கு மேல் அங்கே நிலைத்துவிட்ட சனம். ஊர் என்றால் கொடைக்கு வந்து, சொந்தபந்தம் பார்த்து, திரும்ப ரயிலேறும் இடம். அப்படி வந்து போகிறவர்களுக்குக் கிணறு கண்ணில் படாது. குடியிருக்க வருகிறவர்கள் முதலில் எட்டிப்பார்க்க வேண்டியது அதைத்தான்.

மாமனார் காலமான பிறகு அத்தையும் எங்களோடு வந்துவிட்டதால் வீடு பல வருஷம் பூட்டிக் கிடந்தது. பட்டாசலில் கரையான், அடுக்களையில் எலி வளை; அதெல்லாம் கூலிக்கு ஆள் வைத்ததில் தீர்ந்தது. புறவாசல் கிணற்றில் மட்டும் தண்ணீர் கறுத்து, மட்கிய இலைவாடை அடித்தது. பக்கத்து வீட்டு ஆச்சி சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே சொன்னார்: "எம்மா, பூட்டிக் கெடந்த கெணத்துல சட்டுன்னு ஆள எறக்கிராத. மொதல்ல வெளக்க எறக்கிப் பாக்கச் சொல்லு."

ஆச்சியின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. புழங்காத கிணற்றில் இலைதழை மட்கி ஆக்சிஜன் குறைந்துவிடும்; காற்றைவிடக் கனமான கரியமில வாயு அடியில் தங்கும். இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து போன சேதியைப் பேப்பரில் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! விளக்கு அணைந்தால் இறங்கவே கூடாது. ஆனால் அணையாமல் எரிந்தாலும் எல்லா விஷவாயுவையும் விளக்கு காட்டிக்கொடுக்காது. எரிவாயு ஏதும் தேங்கியிருந்தால் நெருப்பே ஆபத்து. தூர்வார வந்தவர்கள் மோட்டார் வைத்து நீரை இறைத்து, விசிறி கொண்டு உள்ளே காற்றடித்து, இடுப்பில் வடம் கட்டிய பிறகே ஒருவரை இறக்கினார்கள். மேலே நின்ற இருவரும் வடத்தை விடவே இல்லை. சகதியோடு பழைய பித்தளைச் செம்பு ஒன்றும் மேலே வந்தது. அத்தை அதை யாரிடமும் கொடுக்காமல் தாமே புளி போட்டுத் துலக்கினார்.

ஊற்று ஊறி நீர் நிலைத்ததும் பிளீச்சிங் பவுடர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது கணக்கு. விட்டம் 3 மீட்டர், நீர் ஆழம் 4 மீட்டர் என்றால் ஏறக்குறைய 28,000 லிட்டர். 70 கிராம் போதும். பொடியை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கூழாகக் குழைத்து, நீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு படிந்ததும் தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்ற வேண்டும். அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் புழங்கலாம். குடிப்பதற்கு, தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

ரேஷன் கார்டுக்குப் பழைய மாநிலத்தில் பெயர் நீக்கல் சான்று வாங்காமல் கிளம்பாதீர்கள். இங்கே புதுக் கார்டு கேட்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பள்ளி விஷயம் அப்படிச் சுருக்கமாக முடியவில்லை. எட்டாம் வகுப்பு வரைக்கும் டி.சி. வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சேர்த்துவிட்டோம். மகளுக்கு மராத்தியும் இந்தியும் சரளம்; தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் இங்கே கட்டாயப் பாடம். பாடப்புத்தகத்தைத் திறந்தாலே அழுதாள். அவளுக்கு எழுத்தைப் பழக்கியது பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். எழுத்து பெரிது, படம் இருக்கிறது, கீழே மகன், மருமகன், பேரன், பேத்தி என்று வரிசையாகப் பெயர்கள். படித்துவிட்டு வந்து ஆச்சியிடம் ஒவ்வொருவரும் யாரென்று கேட்பாள். ஆச்சி சொல்லத் தொடங்கினால் மூன்று தலைமுறை வரும். யார் வீட்டுக்கு யார் சம்பந்தம் என்பது என்னைவிட அவளுக்குத்தான் இப்போது நன்றாகத் தெரியும். கடைக்காரர் என்னை "அந்தப் பிள்ளையோட அம்மா" என்றுதான் சொல்கிறார். எனக்கு அதில் பெருமைதான்.

அதே பிள்ளையோடு சாயங்காலங்களில் நித்யகல்யாணி அம்மன் கோயில் வரை நடக்கிறேன். 1918 கடைசியில் புதுச்சேரியை விட்டு வந்த பாரதி, மனைவி செல்லம்மாளின் ஊரான இந்தக் கடையத்தில்தான் ஏறத்தாழ இரண்டு வருஷம் குடியிருந்தார். எனக்கு என்னவோ செல்லம்மாள் நினைவுதான் அதிகம் வருகிறது. வெளியூரில் வாழ்ந்துவிட்டு ஊருக்குள் வந்து மறுபடி அடுப்பு மூட்டுகிற பெண்ணின் பாடு எவ்வளவு என்று இப்போது அறிவேன்.

இரவுகள் சின்னவனுக்குத்தான் சிரமம். நள்ளிரவு தாண்டியும் லோக்கல் ரயில் ஓடும் சத்தத்தில் உறங்கிப் பழகியவன். இங்கே குளிரிலும், சத்தம் வேண்டும் என்பதற்காகவே ஃபேனைப் போடச் சொன்னான். தரையில் படுக்க மட்டும் விடமாட்டேன். கட்டுவிரியன் இரவில் உலாவும் பாம்பு. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. வயிற்றுவலி, இமை சரிதல் என்று தொடங்கி மூச்சையே நிறுத்திவிடும். கட்டிலும், பாய்க்கடியில் ஓரம் செருகிய கொசுவலையும் நல்ல காப்பு. கடித்துவிட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. 108க்குக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் கடிக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பங்கை எடுத்துக் கொடுப்பது மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம். அந்த மக்களுக்கு நாம் எவ்வளவோ கடன்பட்டிருக்கிறோம்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று இந்தப் பக்கத்தையே உலுக்கும். இந்த வருஷம் மேற்கு ஓரத்து ஓடுகளைத் தூக்கிவிட்டது. சாரலுக்குக் கூரை தாங்கியது. ஐப்பசி அடைமழைக்குத் தாங்காது. ஓடு மாற்றத் தெரிந்த ஆட்கள் ஊரில் குறைந்துவிட்டார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். போஸ்டரில் பெயர் பார்த்த ஒருவரின் பேரன் அந்த வேலைதான் செய்கிறார் என்று மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். வியாழக்கிழமை வருகிறார், அதற்குள் கூரைச் சட்டத்துக்கு மரம் வாங்கி வைக்க வேண்டும்.