விளக்கு எரியாவிட்டால் பக்கத்தில் யாரும் இல்லையா?

2025 பெப்ரவரியில் தனிப்பட்ட வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், எமது ஊர் வீதிகளில் புதிய ஜப்பான் கார்களை அடிக்கடி காணக்கூடியதாக உள்ளது. அவற்றில் பலவற்றின் பக்கக் கண்ணாடி ஓரத்தில் ஒரு சிறு விளக்கு உண்டு. சாரதியின் கண்ணுக்குப் படாத இடத்தில் பின்னால் ஒரு வாகனம் வந்தால் அது எரியும். நல்ல வசதிதான். ஆனால் "அதுதான் சொல்லுதே, பிறகு எதுக்குக் கண்ணாடி பார்க்கணும்?" என்று கேட்பவர்களையும் சந்திக்கிறேன்.

பின் பம்பரின் இரு மூலைகளுக்குள்ளும் ராடார் பொருத்தப்பட்டுள்ளது. பக்கத்து நிரலில் வரும் வாகனத்தில் அதன் அலைகள் பட்டுத் திரும்பினால் விளக்கு எரியும். கார், வேன், லொறி என்றால் சரி. சிறிய மோட்டார் சைக்கிள், துவிச்சக்கர வண்டி, நடந்து செல்பவர் போன்றோரை இது கண்டறியாது என்று டொயோட்டாவின் கையேடே எச்சரிக்கிறது. பம்பரில் சேறு அப்பியிருந்தாலும் அதன் வேலை கெடும். (ஜப்பான் மொழியில் திரையில் தோன்றும் எச்சரிக்கையை எம்மில் எத்தனை பேர் வாசிக்கிறோம்?)

இப்போது காலி வீதியை நினைத்துப் பாருங்கள். இடப்பக்கச் சந்துக்குத் திரும்பப் போகிறீர்கள். காருக்கும் நடைபாதைக்கும் இடையிலுள்ள மூன்றடி இடைவெளியில் ஒரு மோட்டார் சைக்கிள் நுழைகிறது. கணவன், மனைவி, நடுவில் பிள்ளை. அவர் இடப்பக்கத்தால் முந்துவது பிழைதான். ஆனாலும் விழப்போவது அந்தப் பிள்ளையும்தான். விளக்கு எரிந்தால் ஏதோ இருக்கிறது என்று நம்பலாம். எரியாவிட்டால், ராடாருக்கு எதுவும் தென்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

கண்ணாடியைச் சரியாகத் திருப்பி வைத்தாலே மறைவிடம் பெருமளவு குறையும். ஜோர்ஜ் பிளாட்சர் என்ற பொறியியலாளர் 1995 இல் விளக்கிய முறை இது. தலையை வலப்பக்க ஜன்னலோடு சாய்த்து, உங்கள் காரின் பக்கம் மயிரிழை அளவு தெரியும்வரை வலது கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்புங்கள். பின்னர் இரு ஆசனங்களுக்கும் நடுவே சாய்ந்து, இடது கண்ணாடியையும் அவ்வாறே வையுங்கள். நிமிர்ந்து அமர்ந்தால் சொந்தக் கார் தெரியாது. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஒருவரை மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலிருந்து பக்கத்தால் வரச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் மறைகிறார் என்று தெரியும். திரும்பும் முன் தோளுக்கு மேலால் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.