பஞ்சப்பூருக்குப் போன பஸ் ஸ்டாண்டு: திருச்சிக்கு லாபமா, சுமையா?

திருச்சி பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025 மே 9-ம் தேதி திறக்கப்பட்டது. ஜூலை 16 முதல் வெளியூர் பஸ்கள் அங்கிருந்து ஓடத் தொடங்கின. சுமார் 40 ஏக்கர் பரப்பு, ஏறத்தாழ 400 பஸ்கள் நிற்க இடம், ரூ.400 கோடிக்கு மேல் செலவு. பக்கத்திலேயே கனரக வாகன முனையம். மொத்த காய்கறிச் சந்தைக்கும் அன்றே அடிக்கல் நாட்டப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 8.5 லட்சம் பேர் வசித்த ஒரு நடுத்தர நகரத்துக்கு இது பெரிய ஏற்பாடு. கட்டடம் நன்றாக இருக்கிறதா என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. இதனால் யாருடைய பயணம் சுலபமாகிறது, யாருடையது நீள்கிறது என்பதுதான் விளங்கிக்கொள்ள வேண்டியது.

ஏன் நகர்த்த வேண்டி வந்தது?

திருச்சிக்கு மையம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று மலைக்கோட்டையைச் சுற்றிய பழைய கோட்டை நகரம். 19-ம் நூற்றாண்டில் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்தபின் எழுந்தவைதான் மேலப் புலிவார்டு, கீழப் புலிவார்டு ரோடுகள். மிச்சம் நிற்பது மெயின்கார்டு கேட். மற்றொன்று, தெற்கே ஆங்கிலேயர் அமைத்த கன்டோன்மென்ட். ரயில்வே ஜங்ஷன் அங்கே வந்ததால் பின்னாளில் பஸ்களும் அங்கே திரண்டன. கோட்டைப் பக்கத்துக்குச் சத்திரம், கன்டோன்மென்ட் பக்கத்துக்குச் சென்ட்ரல் என இரண்டு பஸ் ஸ்டாண்டுகள் இப்படித்தான் நிலைத்தன.

தமிழ்நாட்டின் நடுவில் இருப்பதால் திருச்சிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சென்னையிலிருந்து மதுரை, நெல்லை போகிறவர்கள், கோவைப் பக்கமிருந்து தஞ்சை, நாகை போகிறவர்கள் என ஊருக்குள் எந்த வேலையும் இல்லாத ஆயிரக்கணக்கானோரைச் சுமந்துகொண்டு பஸ்கள் மன்னார்புரம், ஜங்ஷன் வழியாகச் சென்ட்ரலுக்குள் நுழைந்து, திரும்ப அதே நெரிசலில் வெளியேறின. நெடுஞ்சாலை நான்கு வழியாகி, புறவழிச்சாலையும் வந்தபின் இந்தச் சுற்று வீண் என்பது தெளிவானது. மதுரை நெடுஞ்சாலையில், சென்ட்ரலிலிருந்து 6, 7 கி.மீ. தள்ளியிருக்கும் பஞ்சப்பூரில் மாநகராட்சிக்குச் சொந்த நிலம் இருந்தது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இயங்கும் பகுதி அது. நிலம் கையகப்படுத்தும் தலைவலி குறைவு என்பதும் இடத்தேர்வுக்குச் சாதகமானது.

யாருக்கு லாபம்?

பெரம்பலூரில் ஏறி மதுரைக்குப் போகிறவருக்கு லாபம். அவருடைய பஸ் ஊருக்குள் வராமல் புறவழியிலேயே பஞ்சப்பூரைத் தொட்டுவிட்டுப் போய்விடலாம். ஓட்டுநருக்கு நேரம் மிச்சம், போக்குவரத்துக் கழகத்துக்கு டீசல் மிச்சம். சென்ட்ரலைச் சுற்றியுள்ள வில்லியம்ஸ் ரோடு, ராக்கின்ஸ் ரோடு பகுதிகளுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

மாநகராட்சிக்கும் வருமானம் உண்டு. பஸ் நுழைவுக் கட்டணம், கடை ஏலம், வாகன நிறுத்தக் கட்டணம், கழிப்பறைக் குத்தகை ஆகியவை எந்த உள்ளாட்சிக்கும் உறுதியான வரவுகள். பெரிய பஸ் ஸ்டாண்டு என்றால் உள்ளாட்சிகள் ஆர்வம் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாருக்குச் சுமை?

விராலிமலையிலிருந்து புத்தூர் அரசு மருத்துவமனைக்கு வரும் ஒரு மூதாட்டியை எடுத்துக்கொள்வோம். முன்பு ஒரே பஸ்ஸில் சென்ட்ரலில் வந்து இறங்குவார். இப்போது பஞ்சப்பூரிலேயே இறங்கி, டவுன் பஸ் நிற்கும் இடம் தேடி நடந்து, காத்திருந்து, ஏறி, எடமலைப்பட்டிப் புதூர் வழியாக ஊருக்குள் வர வேண்டும். தூரம் கூடவில்லை, இறங்கி ஏறுவது கூடிவிட்டது. போக்குவரத்துத் திட்டமிடலில் காத்திருக்கும் ஒரு நிமிடத்தை, ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் இரண்டு நிமிடத்துக்குச் சமமாக வைத்துக் கணக்கிடும் வழக்கம் உண்டு. கையில் மூட்டையோ, இடுப்பில் குழந்தையோ இருந்தால் அது இன்னும் கனக்கும்.

காந்தி மார்க்கெட்டில் சரக்கு எடுக்க வரும் சிறு வியாபாரி, என்.எஸ்.பி. ரோட்டில் கல்யாண ஜவுளி வாங்க வரும் குடும்பம், கல்லூரி மாணவர்கள் என ஊருக்குள்ளேயே வேலை உள்ளவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். ஊரைக் கடந்து போகிறவரின் நேரத்தை மிச்சப்படுத்தியதற்கான விலையில் ஒரு பங்கை, ஊருக்கு வருகிறவர் கொடுக்கிறார். இரவில் இது அதிகம் உறைக்கும். வெளியூர் பஸ்கள் விடிய விடிய ஓடும். டவுன் பஸ்களோ பின்னிரவில் குறைந்துவிடும். அப்போது இறங்குகிறவர் பலருக்கு ஆட்டோதான் கதி.

டவுன் பஸ் கணக்கு

இந்தச் சுமையை இறக்கிவைக்கும் வழி ஒன்றுதான்: இறங்கியவுடன் அடுத்த டவுன் பஸ் நிற்க வேண்டும். அதற்கு எத்தனை பஸ் வேண்டும்? நெரிசல் நேரத்தில் பஞ்சப்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு ஒரு நடைக்கு 30 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், போய்த் திரும்ப ஒரு மணி நேரம். 5 நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமென்றால் அந்த ஒரு தடத்துக்கு மட்டும் 12 பஸ்கள். இதே போலச் சத்திரம், ஸ்ரீரங்கம், திருவெறும்பூர், ஏர்போர்ட், வயலூர் ரோடு என்று நீட்டினால், எண்ணிக்கை எவ்வளவு வேகமாக ஏறும் என்பது புரியும். மற்ற தடங்களிலிருந்து பஸ்ஸைப் பிடுங்கிப் பஞ்சப்பூருக்கு விட்டால், வேறொரு பேட்டை காத்திருக்க நேரிடும்.

திருச்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே தனியார் டவுன் பஸ்கள் ஏராளம். 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் இலவசப் பயணம் அரசுச் சாதாரண டவுன் பஸ்களுக்கு மட்டுமே பொருந்தும். முன்பு வெளியூர் பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட்டோடு முடிந்த பயணத்தில் இப்போது இரண்டாவது வண்டி சேர்கிறது. அது அரசு பஸ்ஸாக இருந்தால் பெண்களுக்குச் செலவில்லை. தனியார் பஸ்ஸாக இருந்தால் கூடுதல் டிக்கெட். எந்த வண்டி முதலில் வருகிறது என்பதே தினக்கூலிக்கு வரும் ஒரு பெண்ணின் அன்றைய கணக்கை மாற்றிவிடுகிறது.

முடிவு யார் கையில்?

பஸ் ஸ்டாண்டு மாநகராட்சியுடையது. அரசு பஸ்களை இயக்குவது கும்பகோணம் கோட்ட அரசுப் போக்குவரத்துக் கழகம். தனியார் பஸ்களுக்கான பர்மிட், தடம், நேரம் ஆகியவை ஆட்சியர் தலைமையிலான வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் கையில். நெடுஞ்சாலை இன்னொரு துறை, போக்குவரத்துக் காவல் வேறொரு துறை. இத்தனை பேரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கச் சென்னையில் கும்டா எனும் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. அப்படி ஒன்று உள்ள சென்னையிலேயே, 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டபோது அதற்கான ரயில் நிலையம் தயாராகவில்லை. முனையத்துக்கு முன்பே இணைப்பு வர வேண்டும் என்ற பாடம் அங்கேயே கிடைத்தது.

பஞ்சப்பூர் எப்படி மாறும்?

பஸ் ஸ்டாண்டு போகும் இடத்துக்கு ஊரும் பின்னாலேயே போகும். சென்னையில் கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு 2002-ல் திறக்கப்பட்டபோது, பாரிமுனைக்காரர்களுக்கு அது நகரத்தின் ஓரம். 2015-ல் மெட்ரோ ரயில் அங்கே வந்தது. பின்னர் நெரிசலைக் காரணம் காட்டி, தென்மாவட்ட பஸ்களை அங்கிருந்தும் கிளப்பிக் கிளாம்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். ‘ஊருக்கு வெளியே’ என்பதற்கு ஆயுள் சுமார் 20 ஆண்டு என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பஞ்சப்பூரில் அது இன்னும் விரைவாக நடக்கக்கூடும். பஸ் முனையம் போக, டைடல் பூங்காவுக்கும் அங்கே 2025-ல் அடிக்கல் நாட்டப்பட்டுள்ளது. மனை விலையும் வாடகையும் இத்தகைய அறிவிப்புகளுக்கு முன்பே ஏறத் தொடங்குபவை. ஆனால் பக்கத்தில் கோரையாறு ஓடுகிறது என்பதை மனை விற்பவர்கள் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். 1977-லும் 2005-லும் திருச்சியின் தென்மேற்குப் பகுதிகளில் வெள்ளம் புகுந்ததில் இந்த ஆற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. வடிகாலையும் ஆற்றின் கரையையும் விட்டுவிட்டு மனைகள் மட்டும் பெருகினால், விலை ஏறிய அதே தெருக்களில் தண்ணீரும் ஏறும்.

பஞ்சப்பூரில் அடிக்கல் நாட்டப்பட்ட காய்கறிச் சந்தையைப் பொறுத்தவரை, சந்தையை நகர்த்துவதில் திருச்சிக்கு ஏற்கெனவே ஓர் அனுபவம் இருக்கிறது. காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாக, இதே மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் ரூ.77 கோடியில் வணிக வளாகம் கட்டி 2017-ல் திறந்தார்கள். வியாபாரிகள் போகவில்லை. கடைகள் சிறியவை, ஊரிலிருந்து தூரம், சில்லறை வாடிக்கையாளர் வரமாட்டார் என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். பஸ்ஸுக்கு உத்தரவு போட்டால் அது நகரும். சந்தை அப்படியல்ல, வாங்குபவர், சுமை தூக்குபவர், கடன் கொடுப்பவர், டீக்கடைக்காரர் எல்லோரும் சேர்ந்து கிளம்பினால்தான் உண்டு.

சென்ட்ரல் என்னவாகும்?

வெளியூர் பஸ்ஸை நம்பி வாழ்ந்த லாட்ஜ்கள், மெஸ்கள், பெட்டிக்கடைகள், இரவு முழுக்கத் திறந்திருந்த டீக்கடைகள் ஆகியவற்றுக்கு இந்த இடமாற்றம் நேரடி அடி. இதற்கு மதுரையில் ஒரு முன்மாதிரி உண்டு. 1999-ல் மாட்டுத்தாவணி வந்தபோதும் பெரியார் பஸ் ஸ்டாண்டு சாகவில்லை. டவுன் பஸ்களின் மையமாக நின்றது. சென்ட்ரலுக்கு அதைவிட வசதி அதிகம். ரயில்வே ஜங்ஷன் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. ரயிலில் இறங்குபவரும் டவுன் பஸ்ஸில் வருபவரும் சந்திக்கும் இடமாகச் சென்ட்ரலை வலுப்படுத்தினால் கடைகளுக்கும் பிழைப்பு இருக்கும். காலியான இடத்தை வணிக வளாகத்துக்கோ கார் நிறுத்தத்துக்கோ ஒதுக்கினால், பஸ்களை வெளியேற்றிக் கிடைத்த இடத்தைக் கார்கள் நிரப்பிவிடும். நெரிசல் தணிந்த பலனும் கரைந்துவிடும்.

எதை வைத்து மதிப்பிடுவது?

ரூ.400 கோடி ஒருமுறைச் செலவு. அதற்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டும் உண்டு. டவுன் பஸ்ஸுக்கு ஆகும் செலவு ஆண்டுதோறும் வருவது. ஓட்டுநர் சம்பளம், டீசல், இரவு நடைகள் என்று முடிவில்லாமல் நீள்வது. அதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. ஆனால் விராலிமலைப் பயணிக்குப் பஞ்சப்பூர் லாபமா, சுமையா என்பதைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது செலவுதான். பஞ்சப்பூர் தடங்களுக்கு எத்தனை பஸ்கள் கூடுதலாக வாங்கப்பட்டன, கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்ற இரண்டு கேள்விகளையும் மாமன்றக் கூட்டத்திலும் மாநில பட்ஜெட் விவாதத்திலும் ஒவ்வோர் ஆண்டும் கேட்க வேண்டும். பதில் வருகிற ஆண்டில்தான் பஞ்சப்பூர் முனையம் முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டது என்று சொல்லலாம்.