சவரக்கத்தியும் கல்வரிசையும்: ஒரு கைத்தொழிலறிவு பற்றிய சில குறிப்புகள்

எமது இலக்கிய மரபிலே கூர்மை பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. வேலின் கூர்மை, வாளின் கூர்மை, மதியின் கூர்மை என அது விரிந்து செல்லும். ஆயின் அக்கூர்மை எவருடைய கையால், எக்கல்லின்மீது, எந்த ஒழுங்கில் ஆக்கப்பட்டது என்ற வினா ஆய்வாளர் கவனத்தை ஈர்த்ததில்லை. உற்பத்திக் கருவிகளின் வரலாற்றை உதறிவிட்டுப் பண்பாட்டு வரலாறு எழுதும் வழக்கத்தின் விளைவு இது. சவரக்கத்தியைத் தீட்டுதற்குரிய கற்களை எவ்வாறு வரிசைப்படுத்துவது என்னும் சிறு விடயத்தை எடுத்துக்கொண்டு, அவ்வறிவின் இயல்பினை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி முதலிய மட்டக்களப்பு மாவட்ட முஸ்லிம் ஊர்களில் முடிமழித்தலையும் சுன்னத்துச் செய்தலையும் பரம்பரைத் தொழிலாகக் கொண்டோர் 'ஒஸ்தா' எனப்பட்டனர். பாரசீகத்து 'உஸ்தாத்' என்பதன் வழிவந்த சொல் இது. ஆசான், தொழில்வல்லான் என்பன அதன் பொருள். ஈழத்துத் தமிழரிடையே நாவிதரைக் குறிக்கும் 'பரியாரி' என்னும் சொல்லோ வைத்தியரையும் குறிப்பது. ஆக, பெயரிலே ஆசானும் வைத்தியனும். சமூகப் படிநிலையிலே கடைப்பட்டோர். உழைப்பின் திறனை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாத சமூகம், உழைப்பாளியை மட்டும் தாழ்த்தி வைத்துக்கொண்டது. இத்தொழில் மரபினின்றும் எழுந்து, யாழ்ப்பாணத்துச் சலூனில் உழைத்துக்கொண்டே 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவாவை (1927-2021) அறியாத ஈழத்து வாசகர் இலர். அவர் வாயிலாகத் தொழிலாளியின் வாழ்வு இலக்கியத்துள் வந்தது. தொழிலின் நுட்பமோ இன்னும் கையோடும் வாயோடும் மட்டுமே நிற்கின்றது.

முதலிற் கருவியை நோக்குவோம். சவரக்கத்தியின் தனித்தன்மை அதன் முதுகிலே உள்ளது. தாக்கத்தியையோ வெட்டுக்கத்தியையோ தீட்டுபவர் சாய்வுக் கோணத்தைத் தம் கையால் அளந்து பிடித்தல் வேண்டும். சவரக்கத்தியிலோ முதுகும் வாயும் ஒருசேரக் கல்லிற் படிய வைத்துத் தீட்டுவதால், முதுகின் தடிப்பே கோணத்தை நிர்ணயித்துவிடுகின்றது. தடிப்பு 4.5 மில்லிமீற்றரும் அகலம் 16 மில்லிமீற்றரும் ஆயின் கோணம் ஏறத்தாழ 16 பாகை. கோணம் கத்தியிலேயே அடங்கிவிட்டமையால், தீட்டுவோனின் தெரிவு முழுவதும் கல்லைப் பற்றியதாகின்றது. வரிசை என்ற பிரச்சினை இங்கே இத்துணை முதன்மை பெறுவதற்குக் காரணம் இதுவே.

'தீட்டின மரத்திலே கூர் பார்க்கிறதா?' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. கல்லன்று, மரம் என்பதைக் கவனித்தல் வேண்டும். பலகையில் வெண்கல் தூளோ மணலோ இட்டுக் கத்தி தீட்டிய வழக்கத்தின் சுவடு அது. அரிவதற்கும் சீவுவதற்கும் அக்கூர் போதும். முகத்திற்குப் போதாது. ஊர்க்கல்லும் இதற்கு உதவாது. கிழக்கிலங்கையின் அடிப்பாறை, புவியியலாளர் 'விஜயன் தொகுதி' என வழங்கும் நைஸ் பாறைகளாலானது; அதன் மணிகள் வெறுங்கண்ணுக்கே புலப்படுவன. சவரக்கத்தியின் இறுதிக் கல்லுக்கு வேண்டிய மணியோ ஒன்றிரண்டு மைக்கிரோமீற்றரளவினது. இயற்கையில் இத்தகு நுண்மை பெல்ஜியத்து ஆர்டென் மலைப்பகுதியின் மஞ்சட் கோத்திக்கூல் கல்லிலும், ஜேர்மனியின் தூரிங்கியக் கல்லிலும், யப்பானின் கியோத்தோக் குன்றுகளிலும் இன்னும் சிலவிடங்களிலுமே வாய்த்தது. ஆகவே நம்மூர் நாவிதரின் நுண்கல் கடல்கடந்து வந்த பண்டமாகவே இருந்திருத்தல் வேண்டும். சாதிக்குட்பட்ட கிராமத் தொழிலெனத் தோன்றுவதன் அடியிலேயே உலகச் சந்தை கிடந்தது.

1890களில் அமெரிக்கரான அச்செசன் சிலிக்கன் காபைட்டைத் தொழில்முறையில் ஆக்கிய பின்னர் செயற்கைக் கற்கள் பெருகின. சென்னையில் 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் அத்தொழிலைத் தமிழ்நாட்டிலும் நிலைநாட்டியது. செயற்கைக் கல்லின் நன்மை, மணியின் அளவு எண்ணாகத் தரப்படுவது. எனினும் எண்ணை நம்பி ஏமாறுதலும் எளிது. யப்பானிய அளவையில் 1000 என்றால் மணி ஏறக்குறைய 11.5 மைக்கிரோமீற்றர், 4000 என்றால் 3, 8000 என்றால் 1.2. ஐரோப்பிய அளவைப்படியான உரப்புத் தாளில் 'பி 2000' எனக் கண்டிருப்பது ஏறத்தாழ 10 மைக்கிரோமீற்றர். அதாவது யப்பானிய 1000ஐ அடுத்தது. இரண்டையும் ஒரே எண்ணாகக் கொண்டு வரிசை அமைப்பவர் நடுவில் ஒரு படியை இழந்துவிடுவர்.

வரிசையின் தருக்கம் இதுதான்: ஒவ்வொரு கல்லும் தனக்கு முந்திய கல்லின் கீறல்களை அழித்துத் தன் கீறல்களை இடுகின்றது. 1000ஆம் கல் இரு சாய்வுகளையும் விளிம்பு முழுவதிலும் சந்திக்கச் செய்கின்றது. உண்மையில் கூரை ஆக்குவது இக்கல்லே. பின்வருவன அதனைச் செப்பஞ் செய்வனவே. 4000ஆம் கல் அதன் ஆழ்கீறல்களை நீக்கும். 8000ஆம் கல் முகத்திற்கேற்ற விளிம்பைத் தரும். 12000 அல்லது இயற்கை நுண்கல் அதனை மென்மையாக்கும். நடுக்கல்லை விலக்கி 1000இலிருந்து 8000க்குத் தாவினால் என்ன நேரும்? சாய்வு கண்ணாடிபோல் மின்னும். ஆனால் 11 மைக்கிரோமீற்றர் மணி இட்ட ஆழ்கீறல் அடியிலே அழியாது கிடந்து, விளிம்பை எட்டுமிடத்தில் நுண்பல்லாக நிற்கும். மினுக்கத்தைக் கூர்மையென மயங்குவது, சொல்லலங்காரத்தைக் கவிதையென மயங்குவதற்கு ஒப்பானது. திறனாய்விலும் அது நாம் அடிக்கடி காண்பதே.

விளிம்பின் ஒருசீர்மை ஏன் வேண்டும் என்பதற்கு அண்மைய ஆய்வொன்று துணைசெய்கின்றது. அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தார் 2020இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை, தன்னிலும் ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான மயிரால் உருக்கு எவ்வாறு பழுதுறுகின்றது என விளக்கியது. அலகு தேய்ந்து மழுங்குவதை விட, கோணமாக வளையும் மயிர், உருக்கின் நுண்ணமைப்பு ஒருசீராக இல்லாத இடத்தில் நுண்சில்லைத் தெறிக்கச் செய்வதே முதன்மையானது. முந்திய கல்லின் பல் எஞ்சிய விளிம்பு அத்தகைய தாக்குதலுக்கு எளிதில் இடங்கொடுக்கும் என நாம் கருதுவதில் தவறில்லை.

இனி, எத்தனை கல் வேண்டும்? எல்லாக் கற்களும் எல்லாக் காலத்தும் வேண்டியதில்லை. வாய் சிதைந்த பழங்கத்திக்கே 1000ஆம் கல். அதனிலும் முரடான கல்லை நாடுவது கத்தியின் ஆயுளைக் கரைப்பதாகும். ஒருமுறை ஒழுங்காகத் தீட்டிய கத்திக்கு நாளாந்தம் துணிப்பட்டியும் தோற்பட்டியும் போதும். சில வாரங்களின் பின் இறுதிக் கல்லில் ஒரு சில இழுவைகள். கல்லில் வாய் முன்செல்ல வேண்டும். தோலில் முதுகு முன்செல்ல வேண்டும். மாறிச் செய்தால் தோலும் போம், கூரும் போம். அன்றாடங்காய்ச்சியான நாவிதர் ஒரு சிறு கல்லோடும் ஒரு தோலோடும் காலங்கழித்ததன் காரணம் வறுமை மட்டுமன்று, சிக்கனமான தொழிலறிவும்கூட. கோத்திக்கூல் கல்லோ வரிசையைத் தன்னகத்தேயே கொண்டது. அதன் சேற்றிலுள்ள நுண்ணிய கார்னெற் மணிகள் தடித்த குழம்பில் விரைந்து அரிக்கும். நீரைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டிக் குழம்பை நெகிழ்த்த நெகிழ்த்த வெட்டு நுண்ணிதாகும். அங்கே வரிசை கல்லிலன்று, நீரில் அமைகின்றது.

கல் தேர்வில் எண்ணுக்கு நிகராக நோக்கற்பாலது மட்டம். அம்மி வழுக்கினால் பொளிந்து முரடாக்குவோம். தீட்டுகல் குழிந்தாலோ அதனைச் சமமாக்க வேண்டும். கல்லின்மேல் பென்சிலாற் கட்டங்கள் வரைந்து, கண்ணாடித் தட்டில் விரித்த உரப்புத் தாளில் நீர்விட்டுத் தேய்த்து, கோடுகள் யாவும் அழியும்வரை தொடர்தல் வேண்டும். குழிந்த 12000ஆம் கல்லை விட மட்டமான 8000ஆம் கல் மேல்.

கத்தி இன்று தொழிற்களத்தினின்றும் பெரும்பாலும் நீங்கிவிட்டது. குருதிவழித் தொற்றுகள் பற்றிய விழிப்பின் பின் சலூன்களில் ஆளுக்கொரு பிளேட் மாட்டும் பிடியே இடம்பெற்றுள்ளது. அது நியாயமானதும் அவசியமானதுமாகும். எனவே மேற்கூறியவை தம் முகத்தைத் தாமே மழிப்போர்க்கு மட்டுமே பொருந்தும். ஆயினும் அம்மாற்றத்தோடு தீட்டும் அறிவும் தொழிலாளியின் கையைவிட்டு பிளேட் உற்பத்தி நிறுவனத்துக்குச் சென்றுவிட்டது. அவர் முன்பு தம் கல்லுக்கு ஒருமுறை பணம் கொடுத்தார்; இப்பொழுது ஒவ்வொரு முகத்துக்கும் கொடுக்கின்றார். அதேவேளை மேலைநாடுகளில் அக்கத்தியும் கற்களும் வசதிபடைத்தோரின் பொழுதுபோக்குப் பண்டங்களாக மீண்டுள்ளன. ஒஸ்தாவின் கையிலிருந்தபோது இழிவெனப்பட்ட அறிவு, விலைச்சீட்டு ஒட்டியதும் கலையெனப்படுகின்றது.

வீட்டுப் பெட்டியில் பழங்கத்தி வைத்திருப்போருக்கு ஒன்று கூறலாம். முதலில் உருப்பெருக்கியால் வாயைப் பார்க்க. துருக்குழி வாயை எட்டியிருந்தால் எக்கல்லும் உதவாது. எட்டவில்லையாயின் 1000 ஒன்றும், 4000உம் 8000உம் இருபுறமுமாக ஒட்டிய கல்லொன்றும் போதும். 12000க்குச் செலவிடுவதை விட நல்ல தோற்பட்டியொன்றை வாங்குக. தீட்டியபின் துடைத்துத் தையல் இயந்திர எண்ணெய் பூசுக. தேங்காயெண்ணெய் நாட்பட்டால் காறிப்போகும். வாவிக்கரை உப்புக்காற்றில் வெறுமனே விட்ட உருக்கின் வாயைத் துரு விரைவிற் பற்றும்.