குறைமாசத்துல பிறந்த குழந்தை எதையும் கவனிக்கலையா? திட்டுறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

"பேர் சொல்லி நாலு தடவை கூப்பிடணும். ஷூவை எடுத்துட்டு வான்னா பாதி வழியிலயே மறந்துடுறான்." பல வீடுகளில் கேட்கும் புலம்பல்தான் இது. ஆனால் அந்தக் குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தால், இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

யாரெல்லாம் குறைமாதக் குழந்தைகள்?

37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைமாதக் குழந்தை. பிறக்கும்போது எடை 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. உலகில் பத்தில் ஒரு குழந்தை குறைமாதத்தில்தான் பிறக்கிறது. 2020-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. எண்ணிக்கையில் உலகிலேயே இதுதான் அதிகம்.

கவனத்துக்கும் பிறந்த மாதத்துக்கும் என்ன சம்பந்தம்?

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் மூளை வேகமாக வளர்கிறது. 34-வது வாரத்தில் அதன் எடை, நிறைமாத மூளையின் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளுக்கு உறை உருவாவதும் இந்தச் சமயத்தில்தான். மிச்ச வளர்ச்சி இன்குபேட்டர் வெளிச்சத்திலும் சத்தத்திலும் நடக்க வேண்டியிருக்கிறது. 32 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைகளுக்கு ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவுப் பிரச்னை வரும் வாய்ப்பு, மற்ற குழந்தைகளைவிட 2 முதல் 3 மடங்கு அதிகம். அதற்காக எல்லாக் குழந்தைக்கும் வரும் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை.

சத்தமே இல்லாத பிரச்னை

ஏடிஹெச்டி என்றாலே ஒரு இடத்தில் உட்காராமல் ஓடும் குழந்தைதான் நினைவுக்கு வரும். குறைமாதக் குழந்தைகளிடம் துறுதுறுப்பைவிட கவனச் சிதறலே அதிகம் தெரிகிறது. வகுப்பில் அமைதியாக உட்கார்ந்திருக்கும், ஆனால் பாடம் மனசுல ஏறியிருக்காது. தொந்தரவு தராத பிள்ளை என்பதால் ஆசிரியர் கண்ணிலும் படாது. கடைசியில் 'மக்கு' என்ற பெயர்தான் மிஞ்சும்.

வயசை எப்படிக் கணக்கிடணும்?

இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது, அதன் வளர்ச்சியை 10 மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். பொதுவாக 2 வயது வரை மருத்துவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள். பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதியை மட்டும்தான் பார்ப்பாங்க என்பதை மறக்க வேண்டாம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* முதலில் காது, கண் பரிசோதனை. குறைமாதக் குழந்தைகளுக்கு இவற்றில் குறை இருக்க வாய்ப்பு அதிகம். காது சரியாகக் கேட்காததும் கவனக்குறைவு மாதிரியே தெரியும்.
* இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்க. நீங்களாகவே டானிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.
* ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்க. பக்கத்தில் போய், கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க. செய்து முடித்ததும் உடனே பாராட்டுங்க.
* 4 வயதுக்கு முன் ஏடிஹெச்டி என்று உறுதி செய்வது கடினம். வீடு, பள்ளி என இரண்டு இடத்திலும் அறிகுறி இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, பெற்றோருக்கான பயிற்சிதான்.

எங்கே போகலாம்?

2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில், அங்கன்வாடி மற்றும் அரசுப் பள்ளிக் குழந்தைகளின் வளர்ச்சி இலவசமாகப் பரிசோதிக்கப்படுகிறது. தேவைப்பட்டால் மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். போகும்போது பிறந்த வாரம், எடை எழுதியிருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காம எடுத்துட்டுப் போங்க. அதே விவரத்தை வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லிவிடுங்கள். குழந்தை ஏன் தடுமாறுகிறது என்று அவருக்கும் தெரிய வேண்டுமே!