வன்தட்டு திறக்கவில்லையா? ‘ஃபார்மெட்’ செய்யும் முன் சற்றுப் பொறுங்கள்

பழைய கணினியில் லினக்ஸ் நிறுவி, இரண்டு மூன்று வன்தட்டுகளை ஒரே சேமிப்பகமாக இணைத்து, குடும்பப் படங்களையும் சங்கக் கணக்குகளையும் ஆலயத் திருவிழாக் காணொளிகளையும் சேர்த்து வைப்போர் உண்டு. ஒரு நாள் இடிமழையில் மின்சாரம் போகிறது. மீண்டும் கணினியைத் திறந்தால் சேமிப்பகத்தைக் காணோம்.

அந்தப் பதற்றத்தில் ‘ஃபார்மெட்’ செய்துவிட்டால் பல ஆண்டுச் சேமிப்பு வீணாகிவிடக்கூடும். இத்தகைய பழுதுகள் பலவற்றில் தரவுகள் அழிந்திருப்பதில்லை. அவை எங்கே உள்ளன என்று காட்டும் குறிப்பு மட்டுமே கெட்டிருக்கும்.

வரைபடம் தொலைந்தாலும் மரம் நிற்கும்

இப்படி வன்தட்டுகளை இணைக்கும் ஏற்பாட்டின் பெயர் எல்.வி.எம். இது ஒவ்வொரு தட்டையும் வழக்கமாக 4 மெகாபைட் துண்டுகளாகப் பிரிக்கிறது. எந்தத் துண்டு எந்தச் சேமிப்பகத்தைச் சேர்ந்தது என்ற விவரத்தைத் தட்டின் தொடக்கத்தில் எழுதி வைக்கிறது.

தோட்ட அலுவலகத்தில் நிரை பிரித்த வரைபடம் தொலைந்துபோனால் யாருக்கு எந்த நிரை என்பது தெரியாது. ஆனால், ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில்தான் நிற்கும். எல்.வி.எம். பழுதும் அப்படித்தான். வரைபடத்தைத் தேடாமல் புதிதாக ஃபார்மெட் செய்வது, மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்வதற்குச் சமம்.

நல்லவேளையாக, வரைபடத்துக்கு இன்னொரு பிரதியும் உண்டு. லினக்ஸின் ‘இடிசி’ கோப்புறைக்குள் உள்ள ‘எல்விஎம்’ கோப்புறையில் ‘பேக்கப்’, ‘ஆர்க்கைவ்’ என இரு பகுதிகள் இருக்கும். முதலாவதில் அண்மைய அமைப்பும் இரண்டாவதில் முந்தைய அமைப்புகளும் சாதாரண எழுத்துக் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன.

முதலில் நகல், பிறகு பழுது

தட்டிலிருந்து ‘டக் டக்’ என்று ஒலி வந்தால் கணினியை உடனே அணைத்துவிட வேண்டும். அது கருவியே பழுதானதன் அறிகுறி. தரவு மீட்பு நிபுணரிடம் கொண்டு செல்வதே நல்லது.

ஒலி இல்லை என்றாலும், ‘டிடிரெஸ்கியூ’ மென்பொருளால் முழுத் தட்டையும் அதே அளவு அல்லது பெரிய தட்டுக்கு நகலெடுக்க வேண்டும். பழுதான பகுதியில் முட்டி நிற்காமல், நல்ல பகுதிகளை இது முதலில் எடுத்துவிடும். பின்னர் அசல் தட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அசலும் நகலும் ஒரே அடையாள எண் கொண்டவை என்பதால், இரண்டையும் சேர்த்து இணைத்தால் எல்.வி.எம். குழம்பும்.

மீட்கும் வரிசை

நகல் தட்டில் ‘பிவிஎஸ்’ கட்டளையை இட்டால் எந்தத் தட்டு அடையாளம் காணப்படவில்லை என்பது தெரியும். தட்டின் அடையாளமே அழிந்திருந்தால், எழுத்துக் கோப்பிலுள்ள பழைய அடையாள எண்ணையும் அந்தக் கோப்பையும் குறிப்பிட்டு ‘பிவிகிரியேட்’ கட்டளையை இட வேண்டும். எண்ணைக் குறிப்பிடாவிட்டால் புதிய எண் உருவாகி, பழைய வரைபடத்தோடு பொருந்தாமல் போகும்.

அடுத்து ‘விஜிசிஎஃப்ஜிரிஸ்டோர்’ வரைபடத்தை மீண்டும் எழுதும். ‘விஜிசேஞ்ச்’ சேமிப்பகத்தை இயக்கும். அதன்பின் படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில் திறந்து, கோப்புகளை வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். பிழை திருத்தும் ‘எஃப்எஸ்சிகே’ கட்டளை தட்டில் மாற்றங்களைச் செய்யும் என்பதால், அதைக் கடைசியில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

எல்லாமே மீளுமா?

மீளாது. சேமிப்பகம் இரு தட்டுகளில் பரவியிருந்து ஒன்று முற்றாகச் செத்துவிட்டால், அதிலிருந்த பகுதி கிடைக்காது. அந்நிலையில், காணாமல் போன தட்டை நீக்கும் ‘விஜிரெடியூஸ்’ கட்டளையைக் கட்டாயப்படுத்தி இட்டால், மீட்கக்கூடிய பாதியும் பட்டியலிலிருந்து நீங்கிவிடலாம்.

எல்.வி.எம். தட்டுகளை இணைக்கும், தரவுக்குக் காப்புப் பிரதி எடுக்காது. முக்கியக் கோப்புகளுக்குத் தனிப் பிரதி வேண்டும். அத்துடன் அந்தச் சிறிய ‘எல்விஎம்’ கோப்புறையையும் ஒரு பென் டிரைவில் இன்றே எடுத்து வைத்துக்கொண்டால், இடிமழை நாளில் வரைபடம் கையில் இருக்கும்.