கரப்பான் பெட்டிக்குள் ஒரு பருவநிலை

கரப்பான் பூச்சி என்றதும் நம் கை விளக்குமாற்றைத் தேடும். விலங்கியல் மாணவருக்கு அது பாடப்புத்தகத்துப் படம். மற்றவர்களுக்குச் சமையலறைப் பகை. அதே கரப்பானைக் காசு கொடுத்து வாங்கி, பெட்டியில் குடியேற்றி, குளிர் படாமல் சூடேற்றி, காரட்டும் ஆரஞ்சும் ஊட்டி வளர்ப்பவர்கள் உண்டு என்றால் நம்புவீர்களா?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பலர் செய்யும் காரியம். அங்கே நாய், பூனை வளர்ப்பது போலவே பல்லி இனங்களை வளர்ப்போரும் இருக்கின்றனர். ஆஸ்திரேலியப் பாலை நிலங்களைத் தாயகமாகக் கொண்ட 'தாடி ஓணான்' அவர்களுக்கு மிகவும் விருப்பமானது. நம் வேலியோரத்து ஓணானுக்கு அது தூரத்து உறவு. இவ்வகைப் பிராணிகளுக்கு உயிருள்ள பூச்சிகளே இயற்கையான உணவு. நாள்தோறும் அவற்றைப் பிடித்து வருவது இயலாது. ஆகவே இரைப்பூச்சிகளையும் வீட்டிலேயே வளர்க்கின்றனர்.

முன்பெல்லாம் இதற்குச் சுவர்க்கோழியையே பெரிதும் நம்பியிருந்தனர். ஆனால் அந்த இனத்தை அழிக்கும் ஒரு வைரஸ் 1977இல் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டது. அதே நோய் 2009, 2010ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்கப் பண்ணைகளிலும் பரவிப் பெரும் சேதம் விளைவித்தது. சுவர்க்கோழிக்கு மாற்றாகப் பலர் நாடிய பூச்சிகளுள் முக்கியமானது, தென் அமெரிக்காவைச் சேர்ந்த 'டூபியா' என்னும் கரப்பான். விலங்கியலார் இதனைப் பிளாப்டிகா டூபியா என்பர்.

முழு வளர்ச்சி பெற்ற டூபியா 4 செ.மீ. அளவினது. ஆணுக்கு முழுச் சிறகு உண்டு. பெண்ணுக்குச் சிறகின் அடிக்கட்டை மட்டுமே. நம் வீட்டுக் கரப்பான் முட்டைக்கூட்டை வெளியே விட்டுச் செல்லும். டூபியாவோ அதை வயிற்றினுள் வைத்துக் காத்து, ஒரு தடவையில் ஏறக்குறைய 20 முதல் 40 வரை குஞ்சுகளை வெளிவிடுகிறது. வழவழப்பான செங்குத்துச் சுவரில் இதனால் ஏற முடியாது. எனவே சாதாரணப் பிளாஸ்டிக் பெட்டியே இதற்குப் போதுமான சிறை.

பௌதிகம் கற்பிக்கும் எனக்குக் கரப்பானிடம் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்யும் என் பழைய மாணவி ஒருவர் எழுதிய கடிதமே காரணம். அவர் ஒரு தாடி ஓணானும் அதற்காக ஒரு டூபியாப் பெட்டியும் வைத்திருக்கிறார். "கோடையில் நன்றாகப் பெருகுகின்றன. ஜனவரி வந்தால் தோல் உரிக்கும்போதே பாதியில் சிக்கி மடிகின்றன. பெட்டியின் வெப்பநிலை மட்டும் எப்போதும் 30° செ. தான். என்ன குறை என்று தெரியவில்லை" என்பது அவர் கேள்வி. பூச்சிகளுக்கு நோய் இருக்குமோ என்ற அச்சம் அவருக்கு. நோயுற்ற இரையை ஓணானுக்குக் கொடுப்பது எப்படி? கொடுக்காவிட்டால் அது எதை உண்ணும்?

அவருக்கு நான் எழுதிய விடையையே இங்கு விரித்துக் கூறுகிறேன்.

வெப்பம் எதற்கு?

பூச்சிகள் தம் உடல் வெப்பநிலையைத் தாமே நிலைநிறுத்திக் கொள்வதில்லை. சுற்றுப்புறத்தின் வெப்பமே அவற்றின் வெப்பம். உயிரினுள் நிகழும் இரசாயன மாற்றங்கள் யாவும் வெப்பநிலையைச் சார்ந்தவை. வெப்பநிலை 10° குறைந்தால் அவற்றின் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். 20° செ. அளவில் டூபியா உயிரோடிருக்கும். ஆனால் மெதுவாக வளரும், இனப்பெருக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். 28° முதல் 32° வரை இருப்பின் நான்கிலிருந்து ஆறு மாதத்தில் குஞ்சு முதிர்ந்துவிடும். எனவே குளிர்நாட்டில் பெட்டிக்குச் செயற்கை வெப்பம் தேவை. அதற்கென மின்சார வெப்பப் பாய்கள் கிடைக்கின்றன. தெர்மோஸ்டாட் இணைக்காமல் அவற்றை இயக்கக் கூடாது.

பாயைப் பெட்டியின் அடியில் முழுவதுமாக விரிப்பது தவறு. அச்சமோ அசௌகரியமோ ஏற்பட்டால் கரப்பான் கீழ்நோக்கி ஓடி ஒளியும். அடித்தளமே சூடாக இருந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. மேலும், தரையில் சேரும் எச்சத்தூள் ஓர் அரிதிற்கடத்தி. போர்வை போர்த்தியது போல் அது வெப்பத்தை அடியிலேயே தேக்கிவிடும். ஆகவே பெட்டியின் ஒரு பக்கச் சுவரில் மட்டும் பாயைப் பொருத்துவது நல்லது. அப்போது ஒரு கோடி 32°, மறு கோடி 25° என வெப்பநிலை சரிந்து செல்லும். எந்த இடம் வேண்டும் என்பதைப் பூச்சியே தேர்ந்து கொள்ளும். தோல் உரிப்பதற்கு ஓரிடம், இரை தின்ன ஓரிடம் என்று அவை இடம் மாறுவதைக் காணலாம்.

மாணவியின் பெட்டியில் இவையெல்லாம் சரியாகவே இருந்தன. பின் ஏன் மரணம்?

ஈரம் எங்கே போயிற்று?

வெப்பமானி ஒன்றை மட்டும் பார்த்துப் பெட்டியை எடை போட்டதுதான் பிழை. காற்றில் உள்ள நீராவியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒரு கன மீட்டர் காற்று எவ்வளவு நீராவியைக் கொள்ளும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. 0° செ.இல் ஏறக்குறைய 4.8 கிராம், 20°இல் 17.3 கிராம், 30°இல் 30.4 கிராம் கொண்டதும் காற்று தெவிட்டிய நிலையை அடைகிறது. தெவிட்டுவதற்கு வேண்டிய அளவில் எத்தனை விழுக்காடு நீராவி உண்மையில் இருக்கிறதோ அதுவே ஒப்பு ஈரப்பதம்.

இப்போது ஜெர்மனியின் ஜனவரி மாதத்தை எண்ணிப் பாருங்கள். வெளியே 0°. மூடுபனி சூழ்ந்து காற்று முழுவதும் தெவிட்டியிருக்கிறது என்றே வைத்துக் கொள்வோம். அப்போதும் அதில் இருப்பது 4.8 கிராம் நீராவிதான். அக்காற்று வீட்டினுள் புகுந்து 20° வரை சூடேற்றப்படுகிறது. நீராவி கூடவில்லை, கொள்ளளவு மட்டும் 17.3 கிராமாக உயர்ந்துவிட்டது. ஒப்பு ஈரப்பதம் 28 விழுக்காடு. அதே காற்று கரப்பான் பெட்டிக்குள் சென்று 30° ஆகிறது. இப்போது ஈரப்பதம் 16 விழுக்காடே! சமையலாலும் வீட்டாரின் மூச்சாலும் சிறிது நீராவி சேரும் என்பதால் உண்மை அளவு இதைவிடச் சற்று அதிகமாக இருக்கும். ஆயினும் வறட்சி வறட்சியே. நம் கடற்கரை ஊர்களில் 30° வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில் கன மீட்டருக்கு 21 கிராம் நீராவி இருக்கும். வெப்பமானி இரண்டிடத்திலும் 30° என்றே காட்டும். காற்றோ முற்றிலும் வேறு.

நீர் ஆவியாகும் வேகத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது, காற்று தெவிட்டுவதற்கு இன்னும் எவ்வளவு நீராவி குறைகிறது என்பதாகும். 30°இல் ஈரப்பதம் 60 விழுக்காடு எனில் குறை 12 கிராம். 16 விழுக்காடு எனில் 25 கிராமுக்கும் மேல். அதாவது, குளிர்காலப் பெட்டி பூச்சியிடமிருந்து இரு மடங்கு வேகத்தில் நீரை உறிஞ்சுகிறது.

சாதாரண நாட்களில் கரப்பான் இதைத் தாங்கும். அதன் மேல்தோலில் மெழுகுப் பூச்சு உண்டு. சுவாசத்துளைகளையும் அது மூடிக்கொள்ளும். தோல் உரிக்கும் வேளைதான் ஆபத்தானது. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே ஒரு திரவம் சுரந்து இரண்டையும் பிரிக்கிறது. பூச்சி காற்றை விழுங்கி உடலைப் புடைக்கச் செய்து, முதுகுப் பக்கம் பழைய தோலைப் பிளந்து, வெண்மையான மெல்லுடலுடன் வெளிவருகிறது. காற்று வறண்டிருந்து, பூச்சியின் உடலிலும் நீர் குறைந்திருந்தால், பழைய தோல் ஒட்டிக்கொள்ளும். கால் சிக்கிய பூச்சி மீள்வதில்லை. மாணவி கண்டது நோயை அன்று, வறட்சியை.

காற்றும் இடமும்

அப்படியானால் பெட்டியை இறுக மூடி, தண்ணீர் தெளித்துவிடலாமே? அதுவும் கேடுதான். ஈரமான எச்சத்தில் பூஞ்சை படரும். நுண்ணிய சிற்றுண்ணிகள் பெருகும். அழுகல் அம்மோனியா வாயுவை வெளிவிடும். மூடியைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறினால் பெட்டி நோயுற்றது என்றே கொள்ளலாம். நல்ல பெட்டியில் மண்வாசனைக்கு மேல் எதுவும் இராது.

ஆகவே வேண்டியது அளவான காற்றோட்டம். சூடான காற்று மேலெழும் என்பது நாம் அறிந்ததே. வெப்பமுள்ள பக்கத்தில் மேலே ஒரு திறப்பும், எதிர்ப்பக்கத்தில் கீழே ஒரு திறப்பும் வைத்தால் காற்று தானாகவே ஓடும். திறப்புகளுக்கு உலோக வலையே ஏற்றது. பிளாஸ்டிக் வலையைக் கரப்பான் கடித்துவிடும். கோடையில் திறப்பை முழுவதும் விட்டு, குளிர்காலத்தில் பாதியை மூடி, ஈரமானியில் 50 முதல் 60 விழுக்காடு காட்டுமாறு சரிசெய்ய வேண்டும். குளிர்ந்த கோடியில் ஈரப்பாசி நிறைந்த ஒரு சிறு கிண்ணம் வைத்தால், ஈரத்திலும் ஒரு சரிவு உண்டாகும்.

நெருக்கடியைத் தவிர்க்க முட்டை அட்டைகள் உதவுகின்றன. 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள பெட்டியின் தரைப்பரப்பு 2,400 சதுர செ.மீ. 30 செ.மீ. பக்கமுள்ள ஓர் அட்டையின் இரு முகங்களும் சேர்ந்து 1,800 சதுர செ.மீ. பத்து அட்டைகள் நிறுத்தினால் 18,000! அதாவது தரையைப் போல் ஏழரை மடங்கு இடம். அட்டைகளைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்த வேண்டும். எச்சம் தங்காமல் கீழே விழும். இடையே காற்றும் மேலெழும்.

இரைக்கு இரை

குடிநீரைத் திறந்த கிண்ணத்தில் வைக்கலாகாது. நமக்குத் துளியாகத் தோன்றும் நீர், பரப்பு இழுவிசையால் குஞ்சுக்குப் பசை போலாகும், சிக்கினால் மூழ்கிவிடும். நீரை உறிஞ்சி உப்பும் பாலிமர் மணிகளோ, காரட், ஆரஞ்சுத் துண்டுகளோ போதும். எஞ்சியதை அழுகும் முன் எடுத்துவிட வேண்டும்.

உலர் உணவாகத் தானிய மாவும் தவிடும் ஏற்றவை. விரைவில் கொழுக்கட்டும் என்று புரதம் மிகுந்த பூனைத் தீவனத்தை அள்ளிப் போடுவது சரியன்று. மிகையான நைட்ரஜனைக் கரப்பான் யூரிக் அமிலமாக்கித் தன் கொழுப்புத் திசுவில் சேமிக்கிறது. பிளாட்டாபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர் கரப்பானின் உடலுக்குள்ளேயே வாழ்ந்து, கழிவு நைட்ரஜனை மீண்டும் பயன்படுத்த உதவுகிறது. பஞ்ச காலத்துக்கான சேமிப்பு இது. ஆனால் ஓணானும் யூரிக் அமிலத்தையே கழிவாக வெளியேற்றும் பிராணி. இரையின் சேமிப்பு அதன் சிறுநீரகத்துக்குச் சுமையாகலாம்.

இன்னொரு குறையும் உண்டு. பூச்சியின் வெளிக்கூடு கைட்டினாலும் புரதத்தாலும் ஆனது. நம் எலும்பைப் போல் சுண்ணாம்புச் சத்து கொண்டதன்று. கரப்பானை மட்டும் தின்னும் ஓணானின் தாடை மெலிந்து, கால் வளைந்துவிடும். எனவே கொடுக்கும் முன் பூச்சியின் மேல் கால்சியம் தூளைத் தூவுகின்றனர். அதற்கு முந்தைய ஓரிரு நாட்கள் பூச்சிக்குக் கீரையும் காய்களும் ஊட்டுகின்றனர். ஓணானுக்கு வைட்டமின் டி உண்டாகப் புற ஊதா விளக்கும் தேவை. கரப்பான் தின்றதைத்தான் கடைசியில் ஓணான் தின்கிறது என்பதை மறக்கக் கூடாது.

தாமதமாக வரும் தண்டனை

பெட்டியில் பூச்சி நிறைந்திருக்கிறதே என்று பெரிய பெண் பூச்சிகளையே எடுத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அதன் விளைவு அன்று தெரியாது. இன்று இழந்த தாயின் குஞ்சுகள் முதிர்ந்திருக்க வேண்டிய காலம் ஐந்தாறு மாதம் கழித்தே வரும். பெட்டி வெறுமையாவதும் அப்போதுதான். மிகுதியான ஆண்களையும் நடுத்தரக் குஞ்சுகளையும் எடுத்து, மூன்று முதல் ஐந்து பெண்களுக்கு ஓர் ஆண் என்ற அளவில் நிறுத்துவதே முறை. விதைநெல்லைக் குத்தித் தின்னலாகாது என்பது உழவர் வீட்டுப் பாடமல்லவா?

வளர்ப்பவர் தம்மையும் காத்துக்கொள்ள வேண்டும். கரப்பானின் எச்சத்திலும் உரித்த தோலிலும் உள்ள புரதங்கள் சிலருக்கு ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டும். கையுறையும் முகமூடியும் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் பெட்டியைச் சுத்தம் செய்வது அவசியம்.

நம் ஊரில் இதைச் செய்து பார்க்கலாமா என்று சில இளைஞர்களுக்கு ஆவல் எழக்கூடும். உடும்பு, பச்சோந்தி, நட்சத்திர ஆமை முதலியவற்றை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டுக் கரப்பானிடமும் எச்சரிக்கை வேண்டும். ஜெர்மனியில் பெட்டியிலிருந்து தப்பிய டூபியாவைக் குளிரே கொன்றுவிடும். நம் நாட்டிலோ அதற்கு வேண்டிய வெப்பமும் ஈரமும் வாசலிலேயே காத்திருக்கின்றன.

மாணவியிடமிருந்து பின்னர் மறுமொழி வந்தது. பத்து ரூபாய் மதிப்புள்ள பாசிதான் செலவு என்று எழுதியிருந்தார். திறப்புகளைப் பாதி மூடி, ஒரு கிண்ணம் ஈரப்பாசி வைத்தாராம். அட்டைகளின் மேல் வெண்ணிறக் கரப்பான்கள் பழைய தோலை முழுமையாகக் கழற்றிவிட்டு நின்றனவாம். கூடவே ஓர் ஈரமானியும் வாங்கிவிட்டார். உயிர்களை வளர்ப்பவர் வெப்பமானியோடு நின்றுவிடாமல், அது காட்டாததையும் அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.