நடுவரின் கை சொல்லும் செய்தி

பள்ளிகளுக்கிடையிலான காற்பந்தாட்டம். ஆட்டக்காரர் உதைத்த பந்து யார் மீதும் படாமல் வலைக்குள் பாய்கிறது. ஆயினும், நடுவர் கோல் வழங்கவில்லை. ஏன்?

விதிமீறல் நடந்தால் எதிரணிக்குத் தனி உதை கிடைக்கும். அஃது இரு வகைப்படும். ஒருவரைத் தள்ளுதல், இடறி விழச் செய்தல் போன்ற தவறுகளுக்கு நேரடித் தனி உதை தரப்படும். அதிலிருந்து நேராகக் கோல் போடலாம். தவறு செய்தவர் தம் அணியின் பெனால்டி எல்லைக்குள் இருந்தால், எதிரணிக்குப் பெனால்டி கிடைக்கும்.

எதிராளியின் முகத்தருகே ஆபத்தாகக் காலை உயர்த்தினால், அவர்மீது படாவிட்டாலும் மறைமுகத் தனி உதை தரப்படும். சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தள்ளிய பந்தைக் கோல் காவலர் கையால் எடுத்தாலும் அப்படியே. அப்போது நடுவர் ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்துவார். பந்து வேறோர் ஆட்டக்காரர் மீது பட்ட பின்னரே கோல் செல்லுபடியாகும். நேராக எதிரணியின் வலைக்குள் சென்றால், அவ்வணிக்குக் கோல் உதை வழங்கப்படும்.

இரு வகையிலும் எதிரணியினர் பொதுவாக 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சிறுவர் ஆட்டங்களில் திடலின் அளவுக்கேற்ப இத்தூரம் குறைக்கப்படுவதுண்டு.

அந்த ஆட்டக்காரரின் குறி தப்பவில்லை. உயர்ந்திருந்த நடுவரின் கையைத்தான் அவர் பார்க்கத் தவறினார்.